ஒரே அச்சில் பிறந்தவை

1914ஆம் ஆண்டின் சன்பீம் மோட்டார்சைக்கிள், பக்கத்தில் மில்ஃபோர்டு சைட்கார். நிஜ வண்டியைச் செய்தது இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் இருந்த ஜான் மார்ஸ்டன் நிறுவனம். உள்ளங்கையில் அடங்கும் அதன் உலோகப் பொம்மையை லண்டனின் லெஸ்னி நிறுவனம் 1962இல் ‘மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர்’ வரிசையின் எட்டாம் எண்ணாக வெளியிட்டது. உடல் முழுக்க வெள்ளிப் பளபளப்பு, சைட்காரின் இருக்கை மட்டும் பச்சை. இந்தப் பொம்மையில் இரண்டை அருகருகே வைத்துக் கேட்டால், பார்க்கிறவர் எவரும் இரண்டும் ஒன்றுதான் என்பார். பழைய பொம்மைகளோடு வாழ்ந்து பழகிய கண் இருக்கையைத் தேடிப் போகும். பெரும்பாலானவற்றில் அது அடர்பச்சை. சிலவற்றில் மரகதப் பச்சை. அந்தச் சிலவற்றுக்காகச் சேகரிப்பாளர்கள் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள்.

இந்த இரண்டு சன்பீம்களும் ஒரே பொருளின் இரண்டு படிகளா, அல்லது இரண்டு வகைகளா? வகைகள் என்றால், இருக்கைப் பச்சையில் ஒரு சாயல் கூடியதும் புது வகை பிறந்துவிடுகிறதா? அப்படியே போனால் எங்கே நிறுத்துவது? ஒரு மேசையின்மேல் எழும் இந்தக் கேள்விகளைத்தான் காஞ்சியிலும் மிதிலையிலும் ஹானோவரிலும் அறிஞர்கள் நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒன்று போல இருப்பவற்றில் வேறுபாடு என்பது என்ன, எந்த வேறுபாடு கணக்கில் வரும் என்பது தத்துவத்தின் மூத்த கேள்விகளில் ஒன்று. ஆலையில் செய்த பொம்மை அதற்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சோதனைப் பொருள். ஏனென்றால் இந்தப் பொருள்கள் வேறுபடக் கூடாது என்றே செய்யப்பட்டவை.

லெஸ்னியின் தொடக்கம் 1947. லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற, உறவுக்காரர்கள் அல்லாத இரு நண்பர்கள் தொடங்கினார்கள். அச்சு வெட்டுவதில் கைதேர்ந்த ஜாக் ஓடெல் விரைவில் வந்து சேர்ந்தார். தீப்பெட்டி அளவுப் பெட்டியில் அடங்கும் ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசை 1953இல் பிறந்தது. அதில் கார்களும் லாரிகளும்தான் பெரும்பான்மை. இரு சக்கர வண்டிகள் சொற்பம். 1960 வாக்கில் சைட்காரோடு ஒரு டிரையம்ப், 1961இல் சைட்காரோடு ஒரு லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர், 1962இல் செம்பழுப்புப் பளபளப்பில் ஒரு ஹார்லி டேவிட்சன், 1967இல் ட்ரெய்லரில் ஏற்றிய ஒரு ஹோண்டா, 1975இல் ‘ஹோண்டரோரா’. எண்ணிக்கை குறைவாக இருப்பது பார்வைக்கு நல்லது. ஒவ்வொன்றிலும் ஆழமாக இறங்கலாம்.

இவை எப்படிப் பிறந்தன என்று தெரியாமல் இவற்றின் வேறுபாடுகளைப் பேசுவது வீண். துத்தநாகத்தோடு ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியமும் துளியளவு மக்னீசியமும், சில கலவைகளில் செம்பும் சேர்த்த உலோகம்; ‘ஸாமக்’ என்பது அதன் பெயர். உருகிய அந்த உலோகம் அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் பாய்ந்து நொடிகளில் உறைகிறது. அச்சின் இரு பாதிகளும் விலகுகின்றன. சின்னத் தண்டுகள் வார்ப்பை வெளியே தள்ளுகின்றன. இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடும், தண்டுகள் தள்ளிய இடத்தில் வட்டத் தழும்பும் பொம்மையின் உடலில் தங்கிவிடுகின்றன. பிறகு பிசிறு நீக்கி, பெயின்ட் அடித்து, தனியே செய்து வந்த சக்கரம், இருக்கை, ஹாண்டில்பாரைச் சேர்த்து, எழுத்துப் பட்டையை ஒட்டிப் பெட்டியில் போடுகிறார்கள். கிழக்கு லண்டனின் ஹாக்னியில் ஆயிரக்கணக்கானோர் செய்த வேலை இது.

இந்த வரிசையின் ஒவ்வொரு படியிலும் வேறுபாடு நுழைய ஒரு வாசல் உண்டு. பச்சை பெயின்ட் ஒரு டப்பாவில் தீர்ந்து அடுத்த டப்பா திறக்கப்படும். இருக்கை செய்யும் பிளாஸ்டிக்கின் சாயம் ஒரு கலவையில் கொஞ்சம் வெளிறிப் போகும். ஒரு பகுதி தீர்ந்துபோனால் கையிருப்பில் உள்ள இன்னொன்று அதன் இடத்துக்கு வரும். இவையெல்லாம் மேலோட்டமானவை. அச்சிலேயே நிகழும் மாற்றம்தான் சுவையானது. கொதிக்கும் உலோகமும் குளிர்விக்கும் நீருமாக ஆயிரமாயிரம் முறை சூடாகி ஆறும் எஃகில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். உருகிய உலோகம் அந்த வெடிப்புக்குள்ளும் புகும். எனவே அச்சில் பள்ளமாக இருக்கும் வெடிப்பு, பொம்மையின்மேல் ஒரு மெல்லிய மேட்டுக்கோடாக வரும். வெடிப்பு வளர வளரக் கோடும் நீளும். இப்படிப்பட்ட வார்ப்புகள் சில கிடைத்தால், கோட்டின் நீளத்தை வைத்தே எது முதலில் பிறந்தது, எது பின்னால் பிறந்தது என்று வரிசைப்படுத்திவிடலாம்.

இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. அச்சைத் திருத்துகிறவர் எஃகைச் செதுக்கி எடுக்கலாம். எடுத்த எஃகைத் திரும்பச் சேர்ப்பது கடினம், செலவும் அதிகம். அச்சில் எஃகு குறைந்தால் பொம்மையில் உலோகம் கூடும். ஆகவே ஒரு மெலிந்த கைப்பிடியோ தாங்குகாலோ அடிக்கடி உடைகிறது என்று கண்டு ஆலை அதைத் திருத்தினால், அந்த இடம் தடிக்கும், அல்லது அங்கே ஒரு சிறு முட்டு முளைக்கும். முட்டு இல்லாதது முந்தியது, முட்டு உள்ளது பிந்தியது என்று பெரும்பாலும் நம்பிச் சொல்லலாம். அசையாத ஒரு உலோகத் துண்டு தனக்குள் காலத்தின் திசையை வைத்திருக்கிறது. ஆண்டு குறித்த ஆவணம் இல்லாத இடத்தில் இந்தத் திசைதான் சாட்சி.

இப்படிப் பார்க்கும் பார்வைக்குத் தமிழில் ஒரு கூர்மையான இலக்கணம் ஏற்கெனவே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், கடவுளையும் உயிரையும் பற்றிப் பேசப் புகுவதற்கு முன் அளவை இயலில் தொடங்குகிறது. ஒன்றை அறிவது என்றால் என்ன என்று தெளிந்த பிறகுதான் மற்றதெல்லாம். அங்கே அவர் பொருள்களின் இயல்பை இரண்டாகப் பிரிக்கிறார். வேறு இனத்திலிருந்து விலகி, தன் இனத்தோடு ஒத்திருப்பது பொது இயல்பு. வேறு இனத்திலிருந்தும் தன் இனத்திலிருந்தும் விலகித் தான் தானாக நிற்பது தன்னியல்பு. பொம்மை பைக்குகளோடு உட்காரும் ஒருவர் செய்வது இதையேதான். இது காரல்ல, மோட்டார்சைக்கிள். டிங்கி என்ற வேறு தயாரிப்பு அல்ல, லெஸ்னி. டிரையம்ப் அல்ல, சன்பீம். இவ்வளவும் பொது இயல்பின் வழி. அடுத்து, மற்ற சன்பீம்களிலிருந்து இந்தச் சன்பீம் எதில் விலகுகிறது என்று கேட்டதும் தன்னியல்பின் எல்லைக்குள் கால் வைத்தாகிவிட்டது.

காட்சியின் குற்றங்களாகச் சைவ அளவை நூல்கள் ஐயத்தையும் திரிவையும் சொல்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் நிற்பது கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். ஒன்றை வேறொன்றாகவே துணிந்துவிடுவது திரிவு. விளக்கின் மஞ்சள் ஒளியில் இரண்டு பச்சைகள் ஒன்றா வேறா என்று தடுமாறுவதும், வெயிலில் வெளிறிய ஒன்றை ‘அரிய நிறம்’ என்று நம்பிப் பணம் கொடுப்பதும் அந்த இரண்டு குற்றங்களின் இன்றைய வடிவங்கள். பெயர், சாதி (இனம்), குணம், தொழில், பொருள் என ஐந்தையும் கூட்டி ஒன்றைத் தெளிவாக அறிவதைச் சவிகற்பக் காட்சி என்பார்கள். தேர்ந்த சேகரிப்பாளரின் பார்வை அந்த ஐந்திலும் பழகியது. தொழில் என்பதைக்கூட விடமாட்டார். சக்கரத்தை உருட்டிப் பார்ப்பார்.

வேறுபாடு என்பது எவ்வளவு மலிவானது என்பதற்கு லைப்னிட்ஸ் சொன்ன ஒரு நிகழ்ச்சி போதும். ஹானோவரின் ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் இளவரசி சோஃபியின் முன்னிலையில், எல்லா வகையிலும் ஒத்த இரண்டு இலைகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார் ஒரு கனவான். முடிந்தால் காட்டும்படி இளவரசி சொல்ல, அவர் தோட்டமெங்கும் நெடுநேரம் ஓடித் தேடியும் கிடைக்கவில்லை. இயற்கையில் முற்றிலும் ஒத்த இரண்டு பொருள்கள் இல்லை; எல்லா இயல்பிலும் ஒத்தவை இரண்டு என்றால் அவை இரண்டல்ல, ஒன்றே என்பது லைப்னிட்ஸின் கொள்கை. 1952இல் மாக்ஸ் பிளாக் என்ற தத்துவ அறிஞர் இதற்கு ஒரு எதிர்வாதம் வைத்தார். தூய இரும்பால் ஆன இரண்டு உருண்டைகளைத் தவிர வேறெதுவுமே இல்லாத ஓர் உலகைக் கற்பனை செய்யச் சொன்னார். அளவு, நிறம், எடை எல்லாம் ஒன்று. இது அதிலிருந்து எவ்வளவு தூரமோ அது இதிலிருந்தும் அவ்வளவு தூரம். சொல்லக்கூடிய எந்த இயல்பிலும் வேறுபாடு இல்லை. ஆனாலும் உருண்டைகள் இரண்டு.

இதே இடத்துக்கு வைசேடிகர்கள் வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தார்கள். கணாதரின் மரபு சொல்லும் ஆறு பதார்த்தங்களில் ஒன்று விசேடம். மணிமேகலையில் சமயக் கணக்கர்களின் வாதம் வரும் காதையில் வைசேடிகரும் தம் கொள்கையைச் சொல்கிறார். எனவே தமிழ் வாசகருக்கு இது அந்நியமான சரக்கல்ல. ஒரு குடத்தை இன்னொரு குடத்திலிருந்து பிரித்தறிய விசேடம் தேவையில்லை என்பது அவர்கள் நிலை. குடங்களின் உறுப்புகள் வேறு. அந்த உறுப்புகளின் உறுப்புகளும் வேறு. இறங்கிக்கொண்டே போய், இனிப் பிரிக்க முடியாத அணுவை எட்டும்போதுதான், ஒரே இனத்து அணுக்கள் இரண்டைப் பிரித்துக் காட்ட விசேடம் என்ற ஒன்று வேண்டியிருக்கிறது. இரண்டு சன்பீம்கள் வேறு வேறானவை என்பதற்கு எந்த மாயமும் தேவையில்லை. இதன் துத்தநாகம் வேறு, அதன் துத்தநாகம் வேறு. முடிந்தது.

அப்படியானால் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில் பெருமை ஏதுமில்லை. உருப்பெருக்கியை வைத்தால் லெஸ்னி செய்த ஒவ்வொரு பொம்மையும் மற்ற ஒவ்வொன்றிலிருந்தும் வேறுபடும். கடினமான கேள்வி அடுத்தது: எந்த வேறுபாட்டுக்கு ஒரு வகை என்ற தகுதியைத் தரலாம்?

இங்கே உதவிக்கு வருபவர் 10ஆம் நூற்றாண்டின் நியாய அறிஞர் உதயணர். பலவற்றில் பொதுவாகத் தெரிகிற எல்லாவற்றையும் சாதி என்று ஏற்றுக்கொள்ள முடியாது என்று சொல்லி, அதற்கு ஆறு தடைகளை அவர் வகுத்தார். கடவுள் உண்டு என்று நிறுவ நூல் எழுதிய அதே கூர்மை இதிலும் தெரியும். ஆறில் மூன்று, பழைய பொம்மைகளின் பட்டியலைத் தயாரிக்கிறவர் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை.

முதல் தடை, உறுப்பினர் ஒன்றே ஒன்று என்பது. ஆகாயம் ஒன்றுதான், ஆகவே ஆகாயத்தன்மை என்று ஒரு சாதி கிடையாது. எவரும் பார்த்திராத நிறத்தில் ஒரே ஒரு ஹோண்டரோரா வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஆலையில் நிறம் பார்க்கச் செய்த முன்மாதிரியாக இருக்கலாம். யாரோ ஒரு தொழிலாளி விளையாட்டாகச் செய்ததாக இருக்கலாம். எங்கோ ஒரு வீட்டில் ஒரு சிறுவன் பெயின்ட் அடித்ததாகவும் இருக்கலாம். ஒன்றே ஒன்று இருக்கிறவரை அதை வகை என்று சொல்ல உதயணர் விடமாட்டார். இரண்டாவது ஒன்று, முதலாவதோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு வீட்டிலிருந்து வரட்டும், அப்போது பேசலாம். சேகரிப்பு உலகின் ஏமாற்றுகளில் ஒரு பெரும்பகுதியை இந்த ஒரு விதியே தடுத்துவிடும்.

இரண்டாவது தடை, இரண்டு பெயர்களின் பரப்பு ஒன்றாக இருப்பது. குடத்தன்மை, கலசத்தன்மை என்று இரண்டு சாதிகள் இல்லை; பொருள் ஒன்று, பெயர் இரண்டு. லிவர்பூலின் பின்ஸ் சாலையில் மெக்கானோ நிறுவனம் செய்த டிங்கி பொம்மைகளில் 37 என்ற எண் கொண்ட சின்ன மோட்டார்சைக்கிள்கள் உண்டு: சாதாரண ஓட்டுநர், போலீஸ்காரர், ராணுவத் தகவல் பிரிவின் தூதுவர். 1930களின் பிற்பகுதியில் வந்தவற்றில் ரப்பர் சக்கரம் வெள்ளை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் உலோகப் பொம்மை செய்வது நின்றது. ஆலைகள் போர் வேலைக்குப் போயின. போர் முடிந்து அதே பைக்குகள் திரும்பி வந்தபோது சக்கரம் கறுப்பு. ஒரு பட்டியல் ‘போருக்குப் பிந்தியது’ என்று ஒரு வகையையும், ‘கறுப்புச் சக்கரம்’ என்று இன்னொரு வகையையும் போட்டால், உதயணரின் பேனா ஒன்றை அடித்துவிடும்.

மூன்றாவது தடைதான் நெருங்கிப் பார்க்க வேண்டியது. அதன் பெயர் சங்கரம். குறுக்கே வெட்டிக் கலப்பது. பூதத்தன்மை, எல்லையுள்ள உருத்தன்மை என்ற இரண்டை எடுத்துக்கொள்கிறார்கள். ஆகாயத்தில் முதலாவது மட்டும் உண்டு. மனத்தில் இரண்டாவது மட்டும் உண்டு. மண்ணில் இரண்டும் உண்டு. இப்படி ஒன்றையொன்று வெட்டுகிறவை உண்மையான சாதிகளாக இருக்க முடியாது என்பது வாதம். உண்மையான சாதிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், அல்லது ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும்.

மேட்ச்பாக்ஸ் 38ஆம் எண், 1967இன் ஹோண்டாவும் ட்ரெய்லரும். பைக் நீலப்பச்சைப் பளபளப்பில் வரும். ட்ரெய்லர் சிலவற்றில் ஆரஞ்சு, சிலவற்றில் மஞ்சள். ஆரஞ்சு ட்ரெய்லர்களில் எழுத்து இல்லாதவையும் உண்டு, ஹோண்டா என்ற எழுத்து ஒட்டியவையும் உண்டு. மஞ்சளில் எழுத்து உண்டு. ஆரஞ்சு மட்டும் உள்ளது ஒன்று, எழுத்து மட்டும் உள்ளது ஒன்று, இரண்டும் கூடியது ஒன்று. ஆகாயம், மனம், மண் நின்ற அதே நிலையில் இந்த மூன்று ட்ரெய்லர்களும் நிற்கின்றன. உதயணரின் கணக்கில் இது கலப்பு. ஆகவே ஆரஞ்சும் எழுத்தும் சாதிகள் ஆகா. சேகரிப்பாளரோ இதே கலப்பைப் புதையலாகப் பார்க்கிறார். இரண்டு இயல்பும் கூடிய ட்ரெய்லர், மற்ற இரண்டுக்கும் இடையே வரும் பாலம். எழுத்தில்லாத ஆரஞ்சு முதலில். எழுத்துள்ள ஆரஞ்சு நடுவில். எழுத்துள்ள மஞ்சள் பிறகு. 1970இல் அதே ட்ரெய்லருக்கு ‘சூப்பர்ஃபாஸ்ட்’ சக்கரம் வந்தது மஞ்சளுக்கும் அடுத்த படி. அமெரிக்காவின் மாட்டெல் 1968இல் இறக்கிய ஹாட் வீல்ஸ் லெஸ்னியின் விற்பனையை உலுக்கியதற்கு அந்தச் சக்கரம் ஒரு பதில்.

உதயணர் தேடியது காலத்தால் மாறாத பாகுபாடு. ஆலைப் பொருளோ காலத்தில் பிறந்து காலத்தில் மாறுவது. மாறாதவற்றைப் பிரிக்க உதவும் விதி மாறுகிறவற்றின் வரலாற்றைக் காட்டும் கருவியாகவும் பயன்படுகிறது என்பது உதயணருக்குக் குறை அல்ல. ஒரு நல்ல கருவி, செய்தவர் நினைத்திராத இடத்திலும் வேலை செய்யும்.

ஆக, ஒரு வேறுபாடு வகையாவது எப்போது? அதன் பின்னால் செய்முறையில் ஒரு காரணம் இருக்கும்போது. புதிய அச்சு, திருத்திய அச்சு, மாறிய சாயம், நின்று தொடங்கிய உற்பத்தி, வேறொரு சந்தைக்காக எடுத்த முடிவு. ஹோண்டரோரா சிவப்பிலும் வந்தது, ராணுவப் பச்சையிலும் வந்தது. யாரோ ஒருவர் ஒரு அறையில் உட்கார்ந்து முடிவெடுத்ததால் பிறந்த வேறுபாடு அது. அதே ஹோண்டரோராவின் ஹாண்டில்பார் வெள்ளிப் பூச்சிலும் கறுப்பிலும் கிடைப்பதற்கும் ஆலையில்தான் காரணம். காரணம் ஆலையைத் தாண்டிப் போய்விட்டால், அது அந்தப் பொம்மை வாழ்ந்த வாழ்க்கையின் அடையாளம்; பிறப்பின் அடையாளம் அல்ல. வெயில் பட்டு வெளிறிய சிவப்பு, குழந்தையின் விரல்கள் தேய்த்த வெள்ளி முலாம், வயதால் மஞ்சளித்த வெள்ளை ரப்பர் எல்லாம் இந்தப் பக்கம்.

பிறப்புக்கும் வாழ்வுக்கும் இடையிலான இந்தக் கோட்டை அழிக்கப் பார்க்கும் ஒன்று இருக்கிறது: துத்தநாக நோய். போருக்கு முந்திய பல டிங்கி பொம்மைகளில் மேற்பரப்பு முதலில் பொரிந்து, வெடித்து, உடல் வீங்கி, கடைசியில் கைபட்டாலே பொடியாகும். விளையாடித் தேய்த்ததால் வந்த கேடு அல்ல. கலவையில் ஈயமோ வெள்ளீயமோ கேட்மியமோ மிகச் சிறிதளவு கலந்துவிட்டால், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஊர்கிறது. ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் நிறுவனம் உருவாக்கிய ஸாமக் கலவைகள் 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தை வேண்டி நின்றதற்குக் காரணம் இந்த நோய்தான். ஆனால் கலவை நல்லதாக இருந்தும், உருக்கும் கலனில் ஒரு ஈயத் துண்டு விழுந்தால் அன்றைய வார்ப்புகளின் தலையெழுத்து மாறிவிடும்.

வெடிப்பு தெரிவது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. அதன் காரணம் இருந்ததோ முதல் நாளிலேயே. இதைப் பிறப்பின் வேறுபாடு என்பதா, வாழ்வின் வேறுபாடு என்பதா? காரியம் காரணத்துக்குள் ஏற்கெனவே மறைந்திருக்கிறது, பிறகு வெளிப்படுகிறது என்பது சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொள்ளும் சற்காரியவாதம். இல்லாதிருந்த ஒன்று புதிதாகத் தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகரின் பக்கம். நோயுற்ற டிங்கி, சித்தாந்தியின் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது என்று துணிந்து சொல்லலாம். பளபளவென்று பெட்டியிலிருந்து எடுத்த அன்றே, ஒரே அலமாரியில் நின்ற இரண்டு போலீஸ் பைக்குகள் வேறு வேறானவையாக இருந்தன. கடைக்காரரும் வாங்கிய தந்தையும் அதைக் கண்டிருக்க வழியில்லை. நியாயவாதி விடமாட்டார்: ஈரமான அறையில் வைத்தது கெட்டது, உலர்ந்த அறையில் வைத்தது பிழைத்தது, ஆகவே துணைக் காரணங்கள் கூடாமல் காரியம் இல்லை என்பார். அதுவும் நியாயமே. ஆனால் தூய கலவையில் வார்த்ததை அதே ஈர அறையில் வைத்தால் இந்த நோய் வருவதில்லை. முதல் காரணம் கலவையில்தான்.

பழுது பார்த்த பொம்மைகள் இன்னொரு வழக்கு. பழைய மேட்ச்பாக்ஸுக்கும் டிங்கிக்கும் மாற்று டயர், மாற்று எழுத்துப் பட்டை எல்லாம் வெளிப்படையாகவே விற்கிறார்கள், அதில் தவறில்லை. கறுப்புச் சக்கரத்தைக் கழற்றி வெள்ளைச் சக்கரம் மாட்டினால் போருக்குப் பிந்தியது போருக்கு முந்தியதாகிவிடுகிறதா என்பதுதான் சிக்கல். நேற்றுக் கண்ட தேவதத்தனே இவன் என்று அறிவதைக் கொண்டு பொருளின் நிலைபேற்றை நியாயவாதிகள் நிறுவ முயன்றார்கள். விளக்கின் சுடரைப் பார், வெட்டி வளர்ந்த மயிரைப் பார். அவற்றையும்தான் ‘அதே’ என்கிறோம், ஆனால் அவை வேறு என்று பௌத்தர்கள் மறுத்தார்கள். ‘அதே’ என்ற உணர்வு மட்டும் சான்றாகாது என்ற பௌத்தரின் எச்சரிக்கை பொம்மைச் சந்தையில் தினமும் உண்மையாகிறது. பொம்மையின் உறுப்புகள் எல்லாம் ஒரே தகுதி உடையவை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த மாடல் என்ற அடையாளம் வார்ப்பில் இருக்கிறது. எப்போது என்ற செய்தி பெரும்பாலும் சக்கரத்திலும் சாயத்திலும் இருக்கிறது. மிக எளிதில் மாற்றக்கூடியவையும் அவையே. அதனால்தான் அனுபவசாலிகள் சக்கர அச்சின் முனைகளில் புதிய சுத்தியல் தடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். புற ஊதா விளக்கில் பெயின்ட் வேறு மாதிரி ஒளிர்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

மாற்றுவது ஏமாற்றாகவே இருக்க வேண்டும் என்றில்லை. டிங்கியின் சில அச்சுகள் 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் அவற்றிலிருந்து கார்கள் வார்க்கப்பட்டன. லெஸ்னி 1982இல் நொடித்துப்போய் யுனிவர்சல் நிறுவனத்தின் கைக்குப் போனபின், மேட்ச்பாக்ஸின் அடித்தகட்டில் ‘இங்கிலாந்து’ இருந்த இடத்தில் ‘மக்காவ்’ வந்தது. லிவர்பூலின் அச்சில் கல்கத்தாவில் பிறந்தது டிங்கியா, வேறொன்றா? வடிவத்தைப் பார்ப்பவர் ஒன்று சொல்வார். கையைப் பார்ப்பவர் வேறு சொல்வார். காரணத்தைக் கொண்டு வகையை நிறுவ வேண்டும் என்று ஏற்றுக்கொண்டவர், பெயின்டும் உலோகமும் உழைத்த கைகளும் வேறாகிவிட்ட இடத்தில் அதைத் தனி வகை என்றே சொல்ல வேண்டும். மலிவான நகல் என்று நிக்கியை ஒதுக்கும் பழக்கம் சரியல்ல. அந்த அச்சு தன் வாழ்வின் இன்னொரு பகுதியை அங்கே வாழ்ந்தது.

இவ்வளவுக்கும் ஒரு பெரிய எதிர்ப்பு காத்திருக்கிறது. காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு சொல்லும் பௌத்த அளவை அறிஞர் திக்நாகர், உள்ளது தனிப்பொருள் மட்டுமே என்றார். சாதி என்பது மனம் கட்டியது. ‘பசு’ என்று சொல்லும்போது பசு அல்லாதவற்றை விலக்குகிறோம், அவ்வளவுதான். இதை அபோகம் என்பார்கள். மேசைமேல் ஒரு லாம்ப்ரெட்டாவை அடையாளம் காணும் முறையைக் கவனித்தால் திக்நாகர் சரி என்றே தோன்றும். இதுவல்ல, அதுவல்ல, வெளிர்பச்சையல்ல என்று விலக்கி விலக்கித்தான் ஒரு பெயரை எட்டுகிறார்கள். பட்டியலில் உள்ள எண்களும் எழுத்துகளும் பட்டியல் போட்டவர் வைத்தவை. லெஸ்னி தொழிலாளி எவரும் ‘இன்று இரண்டாம் வகையைச் செய்கிறேன்’ என்று நினைத்து வேலை செய்யவில்லை.

ஆனால் மனம் கட்டியது என்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது. அச்சு திருத்தப்பட்டது ஆலையில் நடந்த ஒரு செயல். ஒருவர் உளியை எடுத்தார், எஃகு உதிர்ந்தது, அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு வார்ப்பிலும் முட்டு இருந்தது. வகையின் பெயரை நாம் வைக்கிறோம். எல்லைக்கோட்டை அந்த உளி போட்டது. இந்த வகையில் உதயணரின் பக்கம் நிற்பதே நேர்மை.

சாயத்தில் மட்டும் திக்நாகர் வென்றுவிடுகிறார். 1961இன் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரும் சைட்காரும் பளபளக்கும் பச்சையில் வந்தன. சில அடர்ந்தவை, சில வெளிறியவை. பட்டியல்கள் அவற்றை இரண்டாகப் பிரிக்கின்றன. பத்துப் பதினைந்து லாம்ப்ரெட்டாக்களைப் பகல் வெளிச்சத்தில் அடர்த்தி வரிசையில் நிறுத்தினால், முதலாவதும் கடைசியும் வேறு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அடுத்தடுத்து நிற்கும் எந்த இரண்டுக்கும் இடையே கோடு போடத்தான் முடியாது. கலவைக்குக் கலவை கொஞ்சம் மாறிய பெயின்ட், அடித்த பூச்சின் கனம், அறுபது வருட வெளிச்சம் மூன்றும் அந்த வரிசையில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பிறப்பின் பங்கு எவ்வளவு, வாழ்வின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க ஒரு வழி உண்டு: வண்டிக்கும் சைட்காருக்கும் இடையே, வெளிச்சம் புகாத உட்புறத்தில் எஞ்சியிருக்கும் பச்சையை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. அங்கேயும் இரண்டு குவியல்களாகப் பிரிந்தால் லாம்ப்ரெட்டாவில் வகைகள் இரண்டு. தொடர்ச்சியாகவே இருந்தால், பட்டியலில் உள்ள இரண்டாம் வரியை எடுத்துவிட வேண்டியதுதான், அதற்காக அதிக விலை கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருந்தாலும்.